ஏழாம் பக்கம்

ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டோரம்,
நத்தாருக்கு ஐந்து நாள் கிடக்க
மழை வந்து வேலை நின்றது.
யூட் விசில் ஊதினான்.
முகக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு
குறித்த பாதையால் மட்டும் நடந்து
தறப்பாளுக்குக் கீழே சேர்ந்தோம்,
கண்ணிவெடி கிளறுகிற பதினொரு பெண்கள்.

சகாயமலர் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தாள்.
சுற்றிய பேப்பர் நத்தார் சிறப்பிதழ்.
எண்ணெய் ஊறிய மூன்றாம் பக்கத்தில்
ஒரு பகிடிக்கதை.

மதனரூபி வாசித்தாள்.
நிவாரணத்துக்குப் பெயர் கூப்பிடுகிற குரல் அவளுக்கு.
சிரிக்கவே மாட்டாள்.
நத்தார் பாப்பா வேசம் போட்ட
சங்கக்கடை மனேச்சரின் பஞ்சுத்தாடியை
ஒரு கிடாய் தின்னத் தொடங்குகிறது.
கரோல் பாட்டு நடக்கிறது, கத்தேலாது.
பிள்ளைகளுக்குக் கையசைக்கவும் வேணும்.
கிடாய் மீசைக்கு ஏறிவிட்டது.
"இந்த ஆடு பெத்தலகேமில இருந்தோ வந்தது?"
ஒரு பொடியன் கேட்கிறான்.
அந்த நேரம் பார்த்து
வீட்டுக்காரம்மா கதவைத் திறக்கிறா,
அரைத்தாடி மனேச்சரை மேலும் கீழும் பார்க்கிறா,
சொல்கிறா:
"தொடர்ச்சி ஏழாம் பக்கம்."

அம்மாதான் அப்படிச் சொன்னா என்று நினைத்து
நாங்கள் விழுந்து விழுந்து சிரித்து முடித்த பிறகுதான்
ஏழாம் பக்கத்தைத் தேடினோம்.

அது விடியப்புறமே போய்விட்டது,
மாங்குளம் பஸ் கொண்டக்டருக்குக் கொடுத்த
இரண்டு ரோல்ஸைச் சுற்றிக்கொண்டு.
கொண்டக்டருக்கு ஏன் ரோல்ஸ்?
அது வேறு கதை என்றாள் சகாயமலர்.
அதற்கும் தொடர்ச்சி சொல்லவில்லை.

மழை விட்டது.
முழங்காலில் இருந்து
ஒரு சாண் மண், பிறகு அடுத்த சாண்.
எனக்கும் பிருந்தாஜினிக்கும் இடையில் இருபத்தைந்து மீற்றர்.
சிரிக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதவில்லை,
கை நடுங்கக் கூடாது என்றுதான் இருக்கிறது.
கிடாய் நினைவுக்கு வந்தது.
கண்ணாடி உள்ளால் புகைத்தது.
கருவியை மெதுவாகக் கீழே வைத்து
கைகளைத் தொடையில் ஊன்றி
வடியும்வரை இருந்தேன்.
அங்கால் பார்த்தால்
அவளும் தொடையில் கை ஊன்றி இருக்கிறாள்.
எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரியும்:
மீசை.

அடுத்த நாள் அதே கதையை ஒலியாக,
யாரோ வாசித்துப் பதிந்ததை,
வவுனியாவில் இருந்து அவளின் தமையன் அனுப்பியிருந்தான்.
போனை வெறும் சோற்றுச் சட்டிக்குள் வைத்தோம்,
சத்தம் கூடுமென்று.
வாசித்த ஆள் கிடாய்க்கும் குரல் கொடுத்தார்,
மென்று விழுங்குகிற சத்தம்கூட.
மனேச்சருக்குத் தடித்த குரல்.
எனக்குப் பொறுக்கவில்லை.
பேப்பரில் என் மனேச்சர் ஒல்லி,
எங்கள் ஊர்ச் சங்கக்கடைக்காரரின் நெற்றி அவருக்கு.
சட்டிக்குள் இருந்தவரோ வண்டியும் தொந்தியுமாய் மூச்சு வாங்குகிறார்.
கொஞ்ச நேரம் கோபம்.
பிறகு இரண்டு பேரின் தாடியையும்
கிடாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

கதவு திறந்தது.
எல்லாரும் சட்டிக்குள் தலையை நீட்டினோம்.
"அம்மா சொல்... சொல்லு..."
வாசித்தவருக்குச் சிரிப்பு உடைந்தது.
பின்னால் இன்னொரு ஆள் சிரித்தது,
கதிரை ஒன்று விழுந்தது,
முடிந்தது.

மூன்று தரம் போட்டுக் கேட்டோம்.
"மூக்குப்பேணி" என்று கேட்டது என்றாள் மதனரூபி.
"மாட்டுத்தாள்" என்றான் யூட்.
மாட்டுத்தாள் என்று ஒரு சொல்லே இல்லை,
அதற்கும் சிரித்தோம்.

லீவு விட்ட அன்று
பஸ்ஸில் நானே கொண்டக்டரிடம் கேட்டேன்:
"ரோல்ஸ் சுற்றின பேப்பரை வாசிச்சனீங்களோ?"
முகம் மாறியது.
ரிக்கற் புத்தகத்தைக் கக்கத்தில் செருகினான்.
"அந்த மனுசி கதவைத் திறந்து..." என்றான்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்,
தோள் குலுங்கியது,
கண்ணைத் துடைத்தான்,
திரும்பத் தொடங்கினான், "அந்த மனுசி..."

மாங்குளம் வந்துவிட்டது.
இறங்கிவிட்டேன்.
மிச்சக்காசு இருபது ரூபாயும்
அவனிடம்தான் இருக்கிறது.